ஒரே ஒரு ஓட்டு!

டெல்லி பாராளுமன்றத்தில் மக்கள் சபை என்பது, நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்களின் சபை. மொத்தம் 543 இடங்கள்.

பிரதம மந்திரி எவ்வளவு பெரியவரானாலும், இந்தச் சபையில் பெரும்பான்மை இருக்கும் வரைதான் பதவி! மேல்-சபையால் அவரை இறக்க முடியாது.

1999-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, வாஜ்பாய் மந்திரிசபை மீது நம்பிக்கை ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 269. எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் மந்திரிசபை கவிழ்ந்தது!

இரண்டு பக்கமும் சமமாக விழுந்திருந்தால்? சபாநாயகர் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார். மற்ற நேரங்களில் அவருக்கு ஓட்டு கிடையாது.

வேறு மந்திரிசபை அமையவில்லை. சபை கலைக்கப்பட்டது. "யார் ஆளுவது?" என்ற கேள்வி மறுபடியும் ஓட்டுச்சாவடிக்கே வந்தது.

"என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்று வீட்டில் யாராவது கேட்டால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.