சிவப்புக் கல்லைத் தள்ளி வைப்பவர்கள்

ஆப்கானிஸ்தானின் சாலையோரங்களில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையும் பூசிய கற்கள் வரிசையாகக் கிடப்பதைப் பல வருடங்களாகப் பார்க்கலாம். வெள்ளை தெரியும் பக்கம் நடக்கலாம். சிவப்புப் பக்கம் கண்ணிவெடி. அந்தக் கற்களை அடி அடியாகத் தள்ளி வைத்து ஊரை மீட்டவர்களில் ஏராளமானோர் பாகிஸ்தான் அகதி முகாம்களிலிருந்து திரும்பியவர்கள்.

1989 பிப்ரவரியில் சோவியத் படைகள் வெளியேறியபோது, பாகிஸ்தானிலும் ஈரானிலுமாகச் சுமார் 60 லட்சம் ஆப்கானியர்கள் தங்கியிருந்தார்கள். ஊருக்குப் போக ஆசைதான். ஆனால் வயல், மேய்ச்சல் நிலம், தண்ணீர் கொண்டுவரும் காரேஸ் என்ற நிலத்தடிக் கால்வாய் என்று எங்கும் வெடி புதைந்திருந்தது. அகதிகளுக்கே வெடியெடுக்கக் கற்றுக்கொடுத்தால் அவரவர் ஊரை அவரவரே சுத்தம் செய்துகொள்வார்கள் என்று ஐ.நா. கணக்குப் போட்டது. பெஷாவர் பக்கத்தில் ரிசால்பூரிலும், தெற்கே குவெட்டாவிலும் வெளிநாட்டு ராணுவத்தினர் வகுப்பெடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் பயிற்சி பெற்றார்கள்.

கணக்கு பலிக்கவில்லை. மேற்பார்வை, மருத்துவ உதவி, வரைபடம் எதுவும் இல்லாமல் தனி ஆளாகப் போய்ச் செய்கிற வேலை இல்லை இது. ராணுவத்துக்கு வண்டி போக ஒரு வழி திறந்தால் போதும். விவசாயிக்கு அப்படியில்லை, ஏர் ஓட்ட, குழந்தை ஓடியாட, ஒரு சாண் விடாமல் எல்லா இடமும் சுத்தமாக இருக்க வேண்டும். பிறகுதான் ஆப்கானியர்களே நடத்தும் அமைப்புகள் உருவாகி, முறையான குழுக்களாக இறங்கின. இன்று உலகெங்கும் நடக்கும் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலுக்கு இந்த அகதிகள் போட்ட பாதை பெரியது.

வேலை நடக்கும் விதம் இது. ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு பாதை. முகத்தை மூடும் கண்ணாடிக் கவசம், மார்பை மறைக்கும் கனத்த அங்கி. மெட்டல் டிடெக்டரைத் தரைக்கு மேல் மெதுவாக வீச, அது கத்தும். அநேகமாக ஒரு தோட்டா ஓடாகவோ துருப்பிடித்த ஆணியாகவோ இருக்கும். ஆனாலும் நூறாவது ஆணியையும் முதல் வெடியைப்போலவே அணுக வேண்டும். மண்டியிட்டோ குப்புறப் படுத்தோ, மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் செலுத்தித் தடவுவார்கள். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழுந்துவிடும். சாய்வாகப் போனால் அதன் பக்கவாட்டில் படும். பக்கத்து ஆள் நன்றாகத் தள்ளி இருப்பார், ஒருவர் தவறினால் இருவர் போகக்கூடாது என்பதற்காக.

காபூலுக்கு வடக்கே ஷொமாலி சமவெளி திராட்சைக்குப் பேர்போனது. 1990-களின் கடைசியில் தாலிபான்களுக்கும் எதிரணிக்கும் நடுவே அது போர்முனை. தோட்டங்கள் எரிந்தன, மக்கள் ஓடினார்கள். 2001-க்குப் பின் திரும்பியபோது, கொடி நடுவதற்கு முன்னால் வெடி எடுக்க வேண்டியிருந்தது. அங்கே வெடியெடுப்பவர் காட்டிய வெள்ளைக் கல்தான் குடும்பங்களுக்கு உண்மையான அனுமதிச் சீட்டு.

இந்த வேலைக்கு வெடி மட்டும் எதிரி அல்ல. 2021 ஜூனில் பாக்லான் மாகாணத்தில் கண்ணிவெடி அகற்றும் ஹாலோ அறக்கட்டளையின் முகாமில் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்து பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

வெடிகளும் மாறிவிட்டன. 2001-க்குப் பின் நடந்த போரில் மஞ்சள் எண்ணெய் கேனுக்குள் வெடிமருந்தை அடைத்து, மிதித்தால் வெடிக்கும் தட்டைப் பொருத்திப் புதைத்தார்கள். பழைய சோவியத் வெடிகளின் அளவும் வடிவமும் தெரியும். இவை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. உலோகம் குறைவு, டிடெக்டருக்குச் சரியாகச் சிக்காது. பழைய இரும்பு பொறுக்கி விற்கவோ விளையாடவோ போகும் குழந்தைகள்தான் வெடிக்காத குண்டுகளுக்கு அதிகம் பலியாகிறார்கள்.

2011-இல் ஆப்கன் வெடியகற்றல் பணியில் 15,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2023-இல் 3,000 பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள், நிதி வற்றியதால். அதே 2023 நவம்பரிலிருந்து பாகிஸ்தான் ஆவணமில்லாத ஆப்கானியர்களை வெளியேற்றத் தொடங்கியது; லட்சக்கணக்கானோர் தோர்கம் எல்லை வழியாகத் திரும்பினார்கள், பலர் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஊர்களுக்கு. ஆட்கள் எல்லையைத் தாண்டிய பிறகு நிலத்தில் வெடியைத் தேடுவது தலைகீழான வரிசை. முதலில் போக வேண்டியவர் கம்பி பிடித்தவர். வேலை இழந்து வீட்டில் இருக்கும் அனுபவசாலிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கினால் அவர்களைத் திரும்ப அழைக்கலாம்.