பெட்டிக்குள் உறங்கும் குரல்கள்

பித்தளை அண்டாவும் உடைந்த தொட்டிலும் கிடக்கும் பரண்மேல், சில இல்லங்களில் ஒரு கறுப்புப் பெட்டியும் கிடப்பதுண்டு. பக்கத்தில் ஒரு கைப்பிடி. மூடியைத் திறந்தால் வட்டமான சுழல்தட்டு. வளைந்த குழாயின் நுனியில் ஓர் ஊசி. சாவி கொடுத்துப் பாடவைக்கும் கிராமபோன் பெட்டி அது. பழம்பொருள் வாங்குவோர் வாசலில் வந்து விலை கேட்கும்போதுதான் அப்படியொரு பொருள் இருப்பதே பலருக்கு நினைவுக்கு வருகிறது. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுமுன், அது என்ன பொருள் என்று அறிந்துகொள்வது நலமல்லவா?

1877ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன் அமைத்த போனோகிராப், மனிதக் குரலைப் பதித்து மீண்டும் ஒலிக்கச் செய்தது. அதில் குரல் பதிந்தது ஓர் உருளையின்மீது. பத்தாண்டு கழித்து, 1887இல், எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தைக் கையாண்டார். அதற்குக் கிராமபோன் என்று பெயரிட்டார். உருளையைப் படியெடுப்பது கடினம். தட்டையோ ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். ஆகவே உலகெங்கும் நிலைத்தது தட்டே.

1902ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் உரோமைக்குச் சென்று, வத்திக்கானில் சிஸ்டைன் ஆலயப் பாடகர் குழுவினரின் குரலைப் பதிவு செய்தவர் பிரெட் கெயிஸ்பெர்க். அவரே அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிந்தார். பாடல் முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். காரணம் உண்டு. மூலப் பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கே தட்டாக வேண்டும். பாடியவர் யாரென்று அங்குள்ளோர் அறிய வேண்டுமே! 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை எழுந்தபின்னரே இசைத்தட்டு நம் நாட்டிலேயே உருவாயிற்று.

அத்தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கினால். நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளையில் சேர்த்து வைக்கும் அதே அரக்குடன், கற்பொடியும் கரியும் கலந்து, சூடாக்கி அழுத்தியதே அக்கறுப்பு வட்டம். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே பாடும். மணிக்கணக்கில் இராகம் விரிக்கும் வித்துவான்கள் அம்மூன்று நிமிடத்திற்குள் தம் கலையைச் சுருக்கித் தந்தார்கள்.

பெட்டியின் உள்ளமைப்பைத் திண்டுக்கல் மக்களுக்கு விளக்குவது எளிது. நெம்புகளும் வில்களும் சேர்ந்து காவல் காக்கும் பூட்டை உலகுக்குத் தந்து, 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்ற ஊரல்லவா இது! கிராமபோனிலும் உயிர்நாடி ஒரு வில்தான். நீண்ட எஃகுப் பட்டை சுருளாகச் சுற்றி ஓர் உருளைப் பேழைக்குள் அடைபட்டிருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால் அது இறுகும். பின் மெல்ல விரிந்து, பற்சக்கரங்களின் வழியே தட்டைச் சுழற்றும். வேகம் மிகாமல் காப்பது, சிறு குண்டுகள் கோத்த ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. தட்டின் பள்ளத்தில் ஊசி அசைய, அவ்வசைவு அபிரகத் தகட்டையோ மெல்லிய உலோகத் தகட்டையோ அதிரச் செய்யும். அவ்வதிர்வு குழாய் வழியே பெருகி ஒலியாகும். மின்சாரம் எட்டிப் பாராத சிற்றூர்களிலும் இப்பெட்டி பாடியதன் இரகசியம் இதுவே.

அது எவரெவரை நம் ஊர்களுக்கு அழைத்து வந்தது! மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாடல்கள் நாடக மேடையிலிருந்து தட்டில் ஏறின. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரல் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. காரைக்குடி ஏ. வி. மெய்யப்பன், படமெடுக்கப் புகுமுன், சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாக ஓடியன் இசைத்தட்டுகளை விற்றார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு நாடக மேடையை ஆண்ட அவர் 1933இல், முப்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார். அவர் நடித்த திரைப்படம் ஒன்றுமில்லை. அக்குரல் எத்தகையது என்று நாம் இன்று அறிவது இசைத்தட்டுகளால் மட்டுமே. அவை உடைந்திருந்தால் அவர் நமக்கு வெறும் பெயராகவே எஞ்சியிருப்பார்.

ஆகவே, சேகரிக்க விரும்புவோர் முதலில் உணரவேண்டியது, பெட்டியினும் தட்டு பெரிது என்பதே. பெட்டியைப் புதிதாகச் செய்துவிடலாம், செய்தும் விற்கிறார்கள்! பளபளக்கும் பித்தளைக் குழலும், நாய்ப் படம் ஒட்டிய புது மரப்பெட்டியும், உடைந்த பெட்டியிலிருந்து கழற்றிய இயந்திரமும் சேர்த்து, 'நூறாண்டுப் பழமை' என்று சொல்லி விற்பது நம் நாட்டுப் பழம்பொருள் சந்தைகளில் வழக்கமாகிவிட்டது. தகடு மெலிதாயும், மரம் புதிதாயும், முத்திரை வெறும் ஒட்டுத்தாளாயும் இருந்தால் ஐயுறுங்கள். குழலே வெளியில் தெரியாத எளிய கைப்பெட்டி, மெய்யான பழம்பொருளாக இருக்கக்கூடும்.

இருப்பதைக் காப்பது கடினமன்று. தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், தனித்தனி உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் அவை வளையும். கீழே விழுந்தால் நொறுங்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தே மெருகெண்ணெய் செய்கிறார். உங்கள் தட்டும் அவ்வாறே கரையும். எஃகு ஊசியை ஒரு பக்கத்திற்கு ஒன்றாக மாற்றுங்கள். தேய்ந்த ஊசி உளியைப்போல் பள்ளத்தைச் செதுக்கிவிடும். பிற்காலத்து நெகிழித் தட்டுகளை இப்பெட்டியில் வைக்காதீர்கள். கனத்த ஊசித்தலை அவற்றைப் பாழாக்கும். பாட்டு முடிந்தபின் வில்லைத் தளரவிடுங்கள். வில்லடங்கிய பேழையைத் தாமே திறப்பது ஆபத்து. சீறிப் பாயும் எஃகு கையைக் கிழித்துவிடும். அப்பணியைப் பழகியவரிடம் விடுக.

இசைத்தட்டுகளைக் காக்கப் பலர் பாடுபட்டு வருகின்றனர். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இயங்கி வந்துள்ளது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டமொன்றினால் ஓடியன் தட்டுகள் பல கணினிப் பதிவாகியுள்ளன. ஆயினும், எந்த நிறுவனமும் மறுபடி வெளியிடாத தட்டுகள் இன்னும் எத்தனையோ. அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம்.

ஒரு ஞாயிறு மாலை அதை இறக்குங்கள். மெல்லிய உலர்ந்த துணியால் தூசி துடையுங்கள். நடுவிலுள்ள சீட்டிலிருந்து பாடியவர் பெயரையும் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவியுங்கள். இத்தட்டு யார் வாங்கியது, எந்தத் திருமணத்தில் ஒலித்தது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு அதையும் சேர்த்தெழுதுங்கள். தட்டிலுள்ள குரலை நூலகமும் காத்துத் தரலாம். தாத்தாவும் பாட்டியும் சொல்லும் கதையை உங்களையன்றி வேறு யார் காப்பார்?