இல்லக் கல்வியும் பள்ளிக் கல்வியும்

பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பும் ஆண்டில், எந்தப் பள்ளியிற் சேர்ப்பது என்று பெற்றோர் ஆராய்வது வழக்கம். பள்ளியிற் சேர்க்கத்தான் வேண்டுமா, வீட்டிலேயே வைத்துப் பெற்றோரே கற்பித்தால் என்ன என்னும் வினாவும் இப்பொழுது படித்த குடும்பங்கள் சிலவற்றில் எழுகின்றது. தேர்வுச் சுமை, வகுப்பில் மாணவர் தொகை, பிள்ளையின் உடல்நலம், உடன் படிப்போரின் துன்புறுத்தல் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. இவற்றை ஆசிரியர்கள் வீண் செருக்கென்று தள்ளிவிடுவது முறையன்று. எனினும், இதில் சட்டமும் மொழியும் எவ்வாறு நுழைகின்றன என்பதை அறிந்த பின்னரே பெற்றோர் முடிவுக்கு வருதல் வேண்டும்.

பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்னும் கட்டளை, வீட்டிற் கற்பிக்கும் தாயைக் கருதி எழுந்ததன்று. மலாயாத் தோட்டங்களின் வரலாறே இதற்குச் சான்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டத்தில் பள்ளியொன்று அமைத்தல் நிருவாகத்தின் கடன் என்றது. அதன் விளைவாகத் தோன்றிய பள்ளிகள் பல, லயத்து வீட்டிலோ கோயிற் புறத்திலோ ஆயாக் கொட்டகையிலோ நடந்தன. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த இடங்களும் உண்டு. அவற்றின் தரம் குறைவே. ஆயினும், புல் வெட்டவும் மங்கு துடைக்கவும் போன சிறு கைகளில் பலகையும் குச்சியும் ஏறியது அந்தக் கொட்டகைகளில்தான். பிள்ளையின் கல்வி பெற்றோரின் விருப்பத்தையும் முதலாளியின் இரக்கத்தையும் மட்டும் நம்பி இருத்தலாகாது என்பதே கட்டாயக் கல்வியின் உட்கருத்து. இன்று வீட்டிற் கற்பிக்க அனுமதி கேட்போரிடம் அரசு பல விவரங்களைக் கேட்பதும் அக்கருத்தினாலேயே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதற்கொண்டே சட்டப்படி கட்டாயமாயிற்று. மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு அடிப்படை. மீறும் பெற்றோர்க்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் நிறைவேறியது. அங்கும் அபராதம் 5,000 வெள்ளி வரை. சிறை 12 மாதம் வரை. இரு நாட்டிலும் விலக்குப் பெற்று வீட்டிற் கற்பிக்க வழியுண்டு. விலக்குப் பெறாமல் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வது குற்றமாகும்.

விலக்குப் பெற்றபின் நடப்பதில்தான் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. சிங்கப்பூரில் பாடத்திட்டம் யாது, கற்பிப்பவர் யார், அவர்தம் கல்வித் தகுதி என்ன என்பவற்றைப் பெற்றோர் முன்னரே எழுதித் தருதல் வேண்டும். ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கையும் உண்டு. பிள்ளை ஈற்றில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றோடு தாய்மொழியும் அதில் ஒரு பாடம். வெறுந் தேர்ச்சி போதாது. அவ்வாண்டு அந்நான்கு பாடங்களையும் பொதுநிலையில் எழுதிய பள்ளி மாணவரைத் தரவரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நிற்கும் இடமே வீட்டில் படித்த பிள்ளைக்கு எல்லைக்கோடு. பள்ளி மாணவர்க்கு இப்படியொரு கோடு இல்லை. கடுமைதான், ஆனால் அநீதி என்று சொல்வதற்கில்லை.

மலேசியாவிலோ அத்தகைய அளவுகோல் இல்லை. ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. மூன்றாம் படிவத் தேர்வும் 2022இல் நீங்கிற்று. ஆகவே வீட்டில் படிக்கும் பிள்ளையின் நிலையைப் பிறரோடு ஒப்பிட்டுக் காண அவ்விரு தேர்வுகளும் இப்பொழுது இல்லை. இங்கு வெளிநாட்டுப் பாடத்திட்டத்தைத் தழுவும் குடும்பங்கள் பல. அவர்கள் ஒன்றை மறத்தலாகாது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். அரசுப் பணிக்கு மலாய்மொழித் தகுதி இன்றியமையாதது. பத்து வயதில் பெற்றோர் எடுத்த முடிவு, இருபது வயதில் பிள்ளை தட்டும் கதவை அடைத்துவிடக் கூடும்.

இனித் தமிழைப் பற்றி. இல்லக் கல்வியில் எளிதாகக் கைவரும் பாடம் தாய்மொழியே என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியர் இல்லங்களில் பெரிதும் பேசப்படும் மொழி ஆங்கிலம் என்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர். தமிழ் என்றோர் ஏறத்தாழ 28 பேர். தமிழர் அல்லாத இந்தியரும் இக்கணக்கில் உளர் என்பது மெய். ஆயினும் போக்கு தெளிவு. தாய் தந்தையர் தமக்குள் ஆங்கிலம் பேசும் வீட்டில், தமிழ் ஒரு மணி நேரப் பாடநூலாகச் சுருங்கிவிடும். எழுத்தும் இலக்கணமும் வரும்; பேச்சு வாராது. இதனைத் தேர்வே காட்டிவிடும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் வாய்மொழிக்கும் கேட்டலுக்கும் தக்க மதிப்பெண் உண்டு. ஓர் ஒளிக்காட்சியைப் பார்த்து அதைப்பற்றித் தேர்வாளரோடு உரையாட வேண்டும். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு பேச்சுத்தமிழை வற்புறுத்தியதும், பிள்ளைகள் தமிழைப் புழங்கும் மொழியாகக் கொள்ள வேண்டும் என்னும் நோக்கத்தினாலேயே.

பேச்சுத் தமிழ் ஒத்த வயதினரிடமிருந்தே பெரிதும் வரும். தமிழ்ப்பள்ளித் திடலில் பந்துக்காக நடக்கும் சண்டையும் தமிழில்; அடுத்த மணியடிப்பதற்குள் ஏற்படும் சமாதானமும் தமிழில். இதை எந்தத் தாயும் தனியாக நடத்திக் காட்ட முடியாது. மறுபுறம், பாட்டியும் தாத்தாவும் உடனிருந்து நாள் முழுதும் தமிழே ஒலிக்கும் வீடு, பல பள்ளிகளினும் வளமான மொழிக்கூடம் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அவ்வீட்டுப் பிள்ளை மாலையில் அண்டைப் பிள்ளைகளோடு ஆட வாய்ப்பிருந்தால் குறை பெரிதில்லை.

1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியவை 500க்குச் சற்று மேல். மாணவர் குறைந்த பள்ளியில் ஒரு குடும்பம் விலகினாலும் இழப்பே. ஆனால், பள்ளியைக் காக்க உன் பிள்ளையைத் தா என்று பெற்றோரைக் கேட்பது தகாது. பிள்ளைக்கு நன்மை அங்கே உண்டெனக் காட்டுவதே ஆசிரியர் செய்யக்கூடியது.

கற்பிக்கும் நேரத்தைப் பற்றி ஆசிரியர்கள் வெளிப்படையாகப் பேசலாம். முப்பது பேர் கொண்ட வகுப்பில் வருகைப் பதிவும், ஏடு திரட்டலும், அடக்கி அமர்த்தலும் பாடவேளையில் பெரும்பங்கை விழுங்கும். ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்றால் மூன்று மணி நேரம் தாராளம். ஆனால் அந்த மூன்று மணியும் நாள்தோறும், ஆறாண்டு, சோர்வின்றிக் கிடைக்க வேண்டும். தந்தைக்குச் சுழல்நேர வேலை, தாய்க்குக் கைக்குழந்தை என்றிருக்கும் வீட்டில் அது அரிது. இடையில் கைவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, மலேசியாவில் வயதுக்கேற்ற வகுப்பிலேயே அமர்த்துவர். ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாம் ஆண்டில் மலாய்மொழி வாசிக்கத் திணறும்போது அக்குறை ஆசிரியர்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே சுமையாகும்.

ஆகவே ஐயுறும் பெற்றோர், பிள்ளை பள்ளிக்குச் செல்லுமுன் வரும் ஆண்டிறுதி விடுமுறையில் ஆறு வாரம் முழு அட்டவணையோடு வீட்டிற் கற்பித்துப் பார்க்கலாம். நடந்த பாடங்களையும் நடவாதவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வரட்டும். தமிழ்ப்பாடம் எத்தனை நாள் நடந்தது, அதற்கு வெளியே பிள்ளை யாரோடு, எவ்வளவு நேரம் தமிழில் பேசியது என்பதையும் அதில் குறிக்கட்டும். அந்நாட்குறிப்பை அருகிலுள்ள தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டிக் கலந்து பேசியபின், சேர்க்கைப் படிவத்தையோ விலக்குக்கான விண்ணப்பத்தையோ நிரப்பலாம்.