ஒழுகும் கூரையும் நிறுத்திய குடிக்கூலியும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆழ்வார்பேட்டையின் பழைய மெத்தை வீடுகளில் குடியிருப்போர் பாத்திரங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் இரண்டு. உத்திரக் கட்டை உளுத்துக் காரை பெயர்ந்து விழுகிறது. சொந்தக்காரரிடம் முறையிட்டாலோ, "சௌகரியப்படாவிட்டால் காலி செய்யுங்களேன்" என்ற பதில் தயாராக இருக்கிறது. இது வெறும் அசட்டையென்று நாம் எண்ணவில்லை. முன்னர் மௌப்ரேஸ் ரோடு என்று வழங்கிய டி.டி.கே. சாலையை அடுத்த தெருக்களில் பழைய வீட்டைவிட வெறும் மனைக்கே மதிப்பு அதிகம். ஆதலின் ஒழுகும் கூரை சில சொந்தக்காரர்களுக்கு நஷ்டமன்று. வழக்கின்றிக் குடித்தனக்காரரை வெளியேற்றும் உபாயம்.

குடித்தனக்காரர் செய்வதென்ன? கோபங்கொண்டு குடிக்கூலியை நிறுத்திவிடுகிறார். சொந்தக்காரர் விரும்புவதும் அதுவே! 2019 பிப்ரவரி 22 முதல் அமலிலிருக்கும் 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, இரண்டு மாத பாக்கி நின்றால் அதையே காரணமாகக் காட்டி அவர் வாடகை நீதிமன்றம் ஏறலாம். கூரையின் கதை அப்பொழுது பின்னுக்குப் போய்விடும்.

நிறுத்துவது வேறு, கழிப்பது வேறு. சொந்தக்காரர் செய்யக் கடமைப்பட்ட மராமத்தை அறிவிப்புக் கொடுத்தும் செய்யாவிடில், குடித்தனக்காரரே செய்து செலவை வட்டியோடு கழித்துக்கொள்ளலாமென்று 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே விதியுண்டு. ஆனால் எந்த மராமத்து யார் கடமை என்பதில்தான் தகராறு. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் கன்ட்ரோலரின் உத்தரவு பெற்றே இவ்விதம் கழிக்க நேர்ந்தது. இப்போதைய சட்டமோ அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. கட்டடத்தின் உறுதியைச் சேர்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின்சாரக் கம்பி ஆகியவை சொந்தக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகு, ஸ்விச்சு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு. சொந்தக்காரர் மறுத்தால் வேலையை முடித்துக் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதிக் கூலிக்கு மேல் கழிக்கலாகாது. வீடு குடியிருக்கவே லாயக்கற்றதானால், எழுத்து மூலம் அறிவித்து வெளியேறவும் உரிமையுண்டு.

எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதே இதிலுள்ள சங்கடம். வாய்ச்சொல்லாகப் பத்துத் தடவை கேட்டதற்கு அத்தாட்சி ஏது? பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பழுதின் புகைப்படம், கொத்தனாரின் ரசீது ஆகிய மூன்றும் கையிலிருக்கட்டும். அவற்றினும் முக்கியம் வாடகை ஒப்பந்தம். முப்பது வருஷமாக வாய்ப்பேச்சிலேயே குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காலி செய்விக்கும் காரணமாகச் சட்டம் ஏற்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுமுன் மராமத்துச் சண்டையில் இறங்குவது விவேகமாகாது.

சொந்தக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அற்பக் கூலி வாங்கிக்கொண்டு தளத்தை மாற்று என்றால் எவரால் இயலும்? பம்பாயில் இவ்வுண்மையை உணர்ந்து, 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பழைய கட்டடங்களின் மீது தனி வரி விதித்து, மராமத்துக்கென ஒரு போர்டையே ஏற்படுத்தினார்கள். சென்னையில் அத்தகைய ஏற்பாடு செய்யச் சர்க்காருக்கு அவகாசமில்லையெனில், மேற்சொன்ன அட்டவணையை எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்டலாம். மழைக்கு முன்னரே ஒட்டலாம்.