சிவகாசி என்று தட்டினால் யார் வந்து நிற்கிறார்கள்?

தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே ‘சிவகாசி பட்டாசு ஆன்லைன்’ என்று கைபேசியில் தட்டத் தொடங்கிவிடுகிறோம். கிஃப்ட் பாக்ஸ் படங்களும் கண்ணைப் பறிக்கும் தள்ளுபடியும் முதல் வரியிலேயே வந்து நிற்கும். முதலில் வருவதால் நல்ல கடை என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அந்த இடம் காசுக்குக் கிடைப்பது. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்று போட்டிருப்பார்கள். கண்ணாடி போடாதவர்களுக்கு அது தெரியாது.

அதே சொற்களை இன்னொரு தேடுபொறியிலும் போட்டுப் பாருங்கள். ஆனால் எந்த இன்னொன்று என்பது முக்கியம். கூகுளும் பிங்கும் தனித்தனியாக இணையத்தைத் துழாவிப் பட்டியல் வைத்திருப்பவை. யாஹூவும் டக்டக்கோவும் பெருமளவு பிங்கிடமிருந்தே முடிவுகளை வாங்கிக்கொள்கின்றன. பிங்கையும் யாஹூவையும் ஒப்பிடுவது ஒரே ஆளிடம் இரண்டு முறை வழி கேட்பதுபோல. ஓரிடத்தில் விளம்பரமாக மட்டும் தலைகாட்டி, மற்றதில் தேடினாலும் கிடைக்காத கடை என்றால் கையை எடுத்துவிடுங்கள். இரண்டிலும் வந்துவிட்டால் யோக்கியமான கடை என்றும் அர்த்தமில்லை.

பட்டாசு விஷயத்தில் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்றே தடை விதித்துவிட்டது. வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பி, யுபிஐயில் முன்பணம் கேட்பவர் முதல் அடியிலேயே சட்டத்தை மீறுகிறார். பார்சல் வராவிட்டால் அவரை எந்தத் தெருவில் போய்த் தேடுவீர்கள்?

விடுமுறைப் பயணத்துக்கு டிக்கெட் தேடும்போது சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஏமாற்றுக்காரர் இல்லாமலேயே தேடல் முடிவுகளின் வரிசை சாயலாம். சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விமானப் பயணத்தைத் தேடுபவர்களுக்குத் தன் சொந்தப் பகுதியைக் கண்ணில் படும்படி வைத்தது அதில் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. கூகுள் மேல்முறையீடு செய்தது. ரயில் டிக்கெட்டுக்கோ தேடலே வேண்டாம். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஐஆர்சிடிசி முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள்.

பணம் போய்விட்டதா? வீட்டில் திட்டுவார்களே என்று ராத்திரி முழுக்க மறைத்து வைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எதிராளி பணத்தை அடுத்த கணக்குக்கு நகர்த்துவதற்குள் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைத் தின்கிறது. வங்கிக்கும் தெரிவியுங்கள். விளம்பரம், தள முகவரி, பணப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இன்று வந்த விளம்பரம் நாளை இருக்காது.

கடை உண்மையானது, பொருள்தான் மோசம் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இணைய விற்பனையாளர் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அதிகாரி விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஒரு கண்ணி மிச்சம். பணத்தை இழந்த பதற்றத்தில் பலரும் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று மறுபடி தேடுகிறார்கள். அங்கேயும் போலி எண்கள் காத்திருக்கின்றன. திரையைப் பகிரச் சொன்னாலோ, பணம் திரும்ப வர யுபிஐ பின் போடச் சொன்னாலோ அழைப்பைத் துண்டியுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. வங்கியின் எண் உங்கள் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது.