பெட்டியடியில் கிடக்கும் சித்திரங்கள்

உத்தியோக மாற்றல் உத்தரவு வந்தவுடன் பரணிலிருந்து முதலில் இறங்குவது பழைய டிரங்குப் பெட்டியே. தமிழகத்தினின்று நாகபுரிக்கும், நாகபுரியினின்று கல்கத்தாவுக்கும் அது நம்முடன் வந்திருக்கும். இடையில் ஒருமுறையேனும் திறக்கப்பட்டிராது. அதன் அடியில், நாளிதழ் சுற்றிய கட்டாக, கல்லூரி நாட்களில் தீட்டிய சித்திரங்கள் கிடக்கும். அத்தகைய கட்டு ஒன்றை நாம் அண்மையில் அவிழ்த்தோம். ஊர்த் தெப்பக்குளம், ஒரு வைக்கோற்போர், திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டி. பாட்டியின் முகம் நிறைவுற்றிருந்தது. கைகள் பென்சில் கோடுகளாகவே நின்றுவிட்டன. இன்று பாட்டியும் இல்லை, அத்திண்ணையும் இல்லை.

மூட்டை கட்டும் அவசரத்தில் இவற்றைக் காணும்போது முதலில் எழுவது நாணமே. இதையா அன்று பெருமையுடன் சுவரில் மாட்டினோம் என்று கிழித்தெறியத் தோன்றும். அருள்கூர்ந்து கிழிக்க வேண்டாம். குளத்துப் படிகள் கோணலாக நிற்பது இன்று நமக்குப் புலனாகிறதென்றால், தூரிகையைத் தொடாத ஆண்டுகளிலும் கண் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது என்பது பொருள். கைதான் பின்தங்கிவிட்டது.

மேலும், எல்லாக் குறையும் நம்முடையதன்று. நீர்வண்ணங்களுள் அலிசரின் கிரிம்சன் என்னும் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறும் இயல்புடையது. அதனால் தீட்டிய அந்திவானம் சுவரில் சில ஆண்டுகள் தொங்கினால் சோகை பிடித்துவிடும். காவி முதலிய மண் நிறங்களோ எளிதில் மாறா. பிரஷ்ய நீலத்தின் போக்கு விந்தையானது. வெளிச்சத்தில் மங்கி, இருட்டில் வைத்தால் ஓரளவு மீண்டும் நிறம் பெறும். மரக்கூழினாலான மலிவுத் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தால் பழுப்பேறி நொறுங்கும்; பருத்திக் கந்தலினாலான தாள் நெடுங்காலம் நிற்கும். மாணவப் பருவத்தில் எதை வாங்கினோம் என்பதை நம் சட்டைப்பையே அறியும்! ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் பூஞ்சணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அஞ்ச வேண்டும். நாளிதழும் மரக்கூழ்த் தாளே ஆகையால் அதை அகற்றி, நல்ல வெள்ளைத் தாள் இடையிட்டு, படங்களைச் சுருட்டாமல் தட்டையாக வைத்தல் நலம். வெயிலில் உலர்த்துதல் கூடாது.

பாதுகாத்தாயிற்று, மீண்டும் வரைவதற்குப் பொழுது ஏது? இக்கேள்விக்கு இரவீந்திரநாத தாகூரின் வரலாறு ஒரு விடை தருகிறது. 1900-ஆம் ஆண்டில், நாற்பதை நெருங்கிய வயதில், அவர் ஜகதீச சந்திர போஸுக்குக் கடிதம் எழுதினார். தாம் படம் வரைய முயல்வதாகவும், பென்சிலைவிட அழிக்கும் ரப்பருக்கே வேலை மிகுதி என்றும் அதில் வேடிக்கையாகக் குறித்தார். அம்முயற்சி அப்போது வளரவில்லை. 1924-ல் 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில், அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து விசித்திர உருவங்களாக்கினார். 1930-ல் பாரிஸில் அவருடைய ஓவியக் காட்சி நடைபெற்றபோது எழுபதை நெருங்கியிருந்தார். வாழ்வின் இறுதிப் பகுதியில் அவர் வரைந்தவை 2,000-க்கு மேல். ஓவியக்கூடம் அமையட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எழுதும் மேசையிலேயே தொடங்கிவிட்டார்.

ஞாயிறு முழுதும் கிடைத்தால் வரையலாம் என்று நாம் எண்ணுகிறோம். விருந்தினரும் கடைவீதியும் ஞாயிற்றை விழுங்கிவிடுவதை வெளியூரில் வாழும் எவரும் அறிவர். சாந்திநிகேதனத்தில் கலாபவனத்தை நெடுங்காலம் நடத்திய நந்தலால் போஸ், அஞ்சலட்டைகளிலேயே சிறு சித்திரங்கள் வரைந்து நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அனுப்பிவந்தார். அட்டையளவு படத்துக்குக் காலையில் அரைமணி போதும். உண்மையில் நம்மைத் தடுப்பது அந்த அரைமணியன்று. வண்ணங்களைத் தேடி எடுப்பதும், பிறகு ஒழித்து வைப்பதுமே. ஆதலின் தூரிகை, கிண்ணம், வெட்டிய தாள்கள் ஆகியவை சன்னலோரத்தில் ஒரு தட்டில் எப்போதும் இருக்கட்டும்.

பாட்டியின் கைகளைப் பழைய தாளிலேயே வரைந்து முடிக்க நமக்கும் ஆசை எழுந்தது. ஆயினும் அன்றைய கோடு அன்றையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது நம் வீட்டில் காலைத் தேநீருக்கு இஞ்சி இடிக்கும் கைகளைப் பார்த்துப் பார்த்துத் தனி அட்டைகளில் வரைந்துவருகிறோம். இதுவரை ஆறு அட்டைகள் ஆயின. உரலைப் பற்றிய இடக்கை ஒருவாறு அமைந்துவிட்டது. இடிக்கும் வலக்கை இன்னும் வசப்படவில்லை.