கண்காணிப்புக் கமராவும் அதன் இரு இணைப்புகளும்

எல்ல, தெமோதரை, பண்டாரவளை முதலிய ஊர்களிலே கண்காணிப்புக் கமரா இன்று விடுதிகளிலும் கடைகளிலும் மாத்திரமன்றித் தோட்டத்துக் கோவில்களிலும் பாடசாலை வாயில்களிலும் காணப்படுகின்றது. பகலெல்லாம் தெளிவான படம் தந்த கமரா இரவானதும் குருடாகிவிடுகின்றதென்ற முறைப்பாடும் அதனோடு கூடவே எழுகின்றது. கள்வன் வருவது இரவிலாதலால் இது சிறிய குறையன்று. பல வேளைகளிற் குறை கமராவில் இல்லை. அதற்கு மின்வலுவைக் கொண்டுசெல்லும் கம்பியிலேயே உள்ளது.

கமராவுக்கு இரு இணைப்புகள் வேண்டும். ஒன்று வலுவை ஊட்டுவது. மற்றையது படத்தை மீட்டுக்கொண்டு வருவது. இரண்டும் ஒரே உறைக்குள் ஓடினாலும் அவை கெடும் விதம் வேறு வேறு.

கோவில் மண்டபத்திற் பதிகருவியையும் அடப்டரையும் வைத்து, 60 மீற்றருக்கு அப்பாலுள்ள வாயிலிற் கமராவைப் பொருத்துவதாகக் கொள்வோம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டுமாதலாற் கம்பியின் நீளம் 120 மீற்றர். 0.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செப்புக் கம்பியாயின் அதன் தடை ஏறத்தாழ 4.1 ஓம். பகலிற் கமரா 0.2 அம்பியரை மட்டும் எடுக்குமாயின், 1827 ஆம் ஆண்டில் ஓம் என்னும் ஜெர்மானியர் வெளியிட்ட விதிப்படி, வழியில் இழக்கப்படுவது 0.8 உவோற்று. 12 உவோற்றில் 11.2 எஞ்சும், கமரா இயங்கும். இருள் சூழ்ந்ததும் அதனுள்ளிருக்கும் செங்கீழ்க் கதிர் விளக்குகள் ஒளிரத் தொடங்குகின்றன. ஓட்டம் 0.5 அம்பியராக உயர்ந்தால் இழப்பு இரண்டு உவோற்றைத் தாண்டும். கமராவை அடைவது பத்துக்கும் குறைவு. கமரா அணைகின்றது. அணைந்ததும் ஓட்டம் நின்று அழுத்தம் மீள உயர, அது மறுபடி விழிக்கின்றது. விளக்கெரிந்ததும் மறுபடி அணைகின்றது. விடியும்வரை இவ்வாறே. கமராவை மாற்றிப் பணத்தை வீணாக்குவோர் பலர். 1.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியைப் போட்டிருப்பின் இழப்பு 0.7 உவோற்றளவில் நின்றிருக்கும்.

படத்தைக் கொணரும் கம்பியின் கதை இதுவன்று. அங்கே செல்வது ஓர் உவோற்றளவான மெல்லிய சைகை; கம்பியின் தடிப்பைவிட அமைப்பே முக்கியம். நடுவே செப்புத் தந்தி, அதைச் சூழக் காவலி, அதன்மேற் பின்னிய உலோக வலை, வெளியே உறை: இதுவே ஓரச்சு வடம். 1880 ஆம் ஆண்டில் ஒலிவர் ஹெவிசைட் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கமரா வேலைக்கு 75 ஓம் சிறப்புத் தடங்கலுள்ள வடமே உரியது. பொருந்தாத வடத்திற் சைகை முனையிலிருந்து எதிரொலிபோலத் திரும்பி, உருவத்தின் அருகே மங்கிய இரட்டை உருவத்தைத் தோற்றுவிக்கும். முனையை இணைக்கும்போது வலையின் ஓரிழை நடுத்தந்தியைத் தொட்டாலோ படமே வராது. கமராவின் உலோக உடல் ஓரிடத்திலும் பதிகருவி வேறோரிடத்திலும் புவித்தொடுப்புப் பெற்றிருப்பின், செக்கனுக்கு 50 முறை அலையும் மின்விநியோகம் படத்திற் கிடைக்கோடுகளாய் ஊர்ந்து செல்லும்.

வலைப்பின்னற் கமராக்கள் இவ்விரு இணைப்புகளையும் ஒரே வடத்தில் அடக்குகின்றன. 2003 இல் வகுக்கப்பட்ட நியமத்தின்படி, எட்டுத் தந்திகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்ட வடத்திலே 48 உவோற்றளவில் வலுவும், கூடவே படத்தரவும் செல்லும். எல்லை 100 மீற்றர். அதாவது 1921 இல் அமைந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். தந்திகள் மெல்லியனவாயினும் இது இயல்வது எங்ஙனம்? அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் அதே வலுவுக்கு ஓட்டம் நான்கிலொன்றாகும். அதே கம்பியில் வெப்பமாய் வீணாகும் வலு பதினாறிலொன்றாகும். இலக்சபானவில் 1950 இற் பிறந்த நீர்மின்வலுவைக் கொழும்புக்கு 66,000 உவோற்றில் அனுப்பியதும் இதே நியாயம் பற்றியே.

எமது மலைச்சாரலில் இன்னும் இரண்டு கவனிக்கத்தக்கன. மூடுபனியின் நீர் கம்பிவழியே ஒழுகிச் சுவர்த்துளைக்குள் நுழையும். துளைக்குச் சற்றுக் கீழே கம்பியைத் தாழ வளைத்து மேலேற்றினால் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை கடுமையானது. வெளியே நீண்டுகிடக்கும் எக்கம்பியும் மின்னலின் பாய்ச்சலை உள்ளே அழைத்துவரும். ஆதலால் வலு வழிக்கும் பட வழிக்கும் தனித்தனியே மின்னற் காப்புச் சாதனம் பொருத்தி, இரண்டையும் ஒரே புவித்தொடுப்பிற் சேர்த்தல் வேண்டும். வலு வழிக்கு மட்டும் காப்பிட்டால், மின்னல் படக் கம்பிவழியே வந்து பதிகருவியை எரித்துவிடும்.